அழித்த பின்னும் அழியாத எழுத்து
ஹார்டு டிஸ்க் கண்ட பள்ளிக்கூட உபாத்தியாயர்

கல்யாணப் படங்கள், குழந்தையின் முதல் பிறந்த நாள் படங்கள், கடைக் கணக்கு, வீட்டுப் பத்திரத்தின் நகல் எல்லாம் இன்று கம்ப்யூட்டரில்தான் இருக்கின்றன. கை தவறி ஒரு பொத்தானை அழுத்தினால் போதும். அத்தனையும் ஒரு நொடியில் மறைந்துவிடும். வீடே திகைத்து நிற்கும்.

ஆனால் மறைந்தவை பல சமயங்களில் திரும்பக் கிடைக்கின்றன. விஷயம் தெரிந்தவரிடம் கொடுத்தால், போன படங்களை ஒவ்வொன்றாக மீட்டுத் தருகிறார்.

இது மந்திரமா? இல்லை. அழித்ததாக நாம் நினைத்தது உண்மையில் அழியவே இல்லை. அதுதான் ரகசியம்!

இந்த ரகசியம் புரிய வேண்டுமானால், ஹார்டு டிஸ்க் பிறந்த கதை தெரிய வேண்டும். அந்தக் கதையின் நாயகர் ரெனால்ட் ஜான்சன். அமெரிக்காக்காரர். பள்ளிக்கூட உபாத்தியாயராக வாழ்க்கையைத் தொடங்கியவர். "டிஸ்க்கின் தந்தை" என்று உலகம் அவரை அழைக்கிறது.

குறும்புக்காரப் பையன்

ஜான்சன் 1906-ம் ஆண்டு ஜூலை 16-ந் தேதி பிறந்தார். அவருடைய பெற்றோர் ஸ்வீடன் நாட்டில் இருந்து வந்து, அமெரிக்காவில் மின்னசோட்டா மாநிலத்தில் குடியேறியவர்கள்.

ஜான்சனுக்கு அக்காமார் உண்டு. அவர்களைப் பார்க்க வாலிபர்கள் காரில் வருவார்கள். தம்பிக்கு அது பிடிக்கவில்லை. என்ன செய்வது என்று யோசித்தான்.

ஒரு பென்சிலை எடுத்துக்கொண்டு போவான். காரின் என்ஜினில் தீப்பொறி உண்டாக்கும் பிளக்கின் மேல் கோடு கிழித்துவிட்டு வந்துவிடுவான். அவ்வளவுதான்! கார் கிளம்பாது.

காரணம் என்ன? பென்சிலின் கரி, மின்சாரத்தைக் கடத்தும். பொறியாகப் பாய வேண்டிய மின்சாரம் பென்சில் கோட்டின் வழியே ஓடிப் போய்விடும். பொறி இல்லாமல் என்ஜின் எப்படி ஓடும்? வந்தவர்கள் தலையைச் சொறிந்துகொண்டு நிற்பார்கள்.

விளையாட்டாகச் செய்த இந்தக் குறும்பு பின்னாளில் ஜான்சனின் வாழ்க்கையையே மாற்றியது.

விடைத்தாள் திருத்தும் யந்திரம்

ஜான்சன் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் படித்து 1929-ல் பட்டம் பெற்றார். மிச்சிகன் மாநிலத்தில் உள்ள அயர்ன்வுட் என்ற ஊரில் உயர்நிலைப் பள்ளியில் விஞ்ஞானப் பாடம் நடத்தினார்.

உபாத்தியாயர் வேலையில் பெரிய தொல்லை எது? விடைத்தாள் திருத்துவதுதான். பரீட்சை வந்தால் உபாத்தியாயருக்கு இரவில் தூக்கம் கிடையாது.

ஜான்சனுக்குப் பழைய பென்சில் கோடு நினைவுக்கு வந்தது. மாணவன் சரியான விடைக்கு நேரே பென்சிலால் கோடு போடுகிறான். அந்தக் கோடு மின்சாரத்தைக் கடத்தும். தாளை ஒரு யந்திரத்தில் வைத்தால், எத்தனை சரியான கோடுகளோ அத்தனை பங்கு மின்சாரம் பாயும். மின்சாரத்தை அளக்கும் முள் எங்கே போய் நிற்கிறதோ, அதுவே மார்க்!

யோசனை நன்றாகத்தான் இருந்தது. ஆனால் ஒரு சிக்கல் வந்தது. ஒரு மாணவன் அழுத்திக் கோடு போடுவான். இன்னொருவன் லேசாகப் போடுவான். அழுத்திப் போட்டால் அதிக மின்சாரம் பாயும். லேசாகப் போட்டால் குறையும். மார்க் தப்பாகிவிடும்.

ஜான்சன் விடவில்லை. ஒவ்வொரு கோட்டின் வழியிலும் மின்சாரத்துக்குப் பெரிய தடை ஒன்றை வைத்தார். அந்தத் தடைக்கு முன்னால், கோடு அழுத்தமா லேசா என்ற வித்தியாசம் ஒன்றுமில்லாமல் போயிற்று. எல்லாக் கோடுகளுக்கும் ஒரே அளவு மின்சாரம் பாய்ந்தது. சிக்கல் தீர்ந்தது.

அது அமெரிக்கா முழுவதும் பணமுடையில் தவித்த காலம். ஆனாலும் ஜான்சனின் யந்திரம் பெரியவர்களின் கண்ணில் பட்டது. ஐ.பி.எம். என்ற பெரிய கம்பெனி அவரை 1934-ல் வேலைக்கு எடுத்துக்கொண்டது. பள்ளிக்கூட உபாத்தியாயர், கம்பெனியின் ஆராய்ச்சிக்காரர் ஆனார். அவருடைய விடைத்தாள் திருத்தும் யந்திரம் 1938-ல் விற்பனைக்கு வந்தது.

அட்டைகளின் காலம்

அடுத்த 18 ஆண்டுகளில் ஜான்சன் பல யந்திரங்களைச் செய்தார். 1952-ல் கம்பெனி அவரிடம் ஒரு புதிய பொறுப்பைக் கொடுத்தது. கலிபோர்னியா மாநிலத்தில் சான் ஹோசே நகரில் ஓர் ஆராய்ச்சி சாலை திறக்க வேண்டும். யாரை வேலைக்கு எடுப்பது, எதை ஆராய்வது என்பதை எல்லாம் அவரே முடிவு செய்யலாம்.

அங்கே அவர் ஒரு நல்ல வழக்கத்தை ஏற்படுத்தினார். ஓர் என்ஜினீயரிடம் இன்னொருவர் வந்து உதவி கேட்டால், கேட்டவருக்கு உதவுவதுதான் முதல் வேலை. சொந்த வேலை அதற்குப் பிறகுதான்.

அந்தக் காலத்தில் கம்பெனிகளின் கணக்கு எப்படி இருந்தது தெரியுமா? தடித்த காகித அட்டைகளில் துளை போட்டு வைத்திருந்தார்கள். ஒவ்வொரு துளைக்கும் ஓர் அர்த்தம் உண்டு. ஒரு சரக்குக்கு ஓர் அட்டை. ஆயிரக்கணக்கான அட்டைகளைத் தொட்டிகளில் அடுக்கி வைத்திருப்பார்கள்.

ஒரு சரக்கு எத்தனை மிச்சம் இருக்கிறது என்று பார்க்க, குமாஸ்தா தொட்டியில் கையை விட்டு அட்டையைத் தேடி எடுக்க வேண்டும். சரக்கு விற்றுவிட்டால் வேறு அட்டையில் புதிதாகத் துளை போட வேண்டும். அட்டையை இடம் மாற்றி வைத்துவிட்டால் கணக்கே குழம்பிவிடும்.

காந்த நாடா அப்போதே வந்துவிட்டது. ஆனால் நாடாவில் நடுவில் இருப்பதைப் படிக்க, அதுவரை உள்ள நாடா முழுவதையும் ஓட விட வேண்டும். காந்த உருளையும் இருந்தது. அதில் வெளிப்பக்கம் மட்டும்தான் எழுத முடியும். ஆகவே இடம் போதவில்லை.

ஜான்சனின் குழுவில் இருந்த ஆர்தர் கிரிட்ச்லோ என்பவர், அட்டைத் தொட்டிகளை மக்கள் எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று ஆராய்ந்து பார்த்தார். வேண்டிய இடத்துக்கு நேராகப் போய், வேண்டியதை மட்டும் படிக்கும் யந்திரம் தேவை என்பது தெளிவாயிற்று.

சுழலும் தகடு

ஜான்சன் தகட்டைத் தேர்ந்தெடுத்தார். தகட்டுக்கு இரண்டு பக்கமும் உண்டு. பல தகடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கலாம். சுழலவிட்டு, எந்த இடத்தையும் சீக்கிரம் எட்டலாம்.

ஆனால் தகடு வேகமாகச் சுழன்றால் ஆடும். எழுதிப் படிக்கும் முனை தகட்டில் மோதும். முனையைத் தூரத்தில் வைத்தால் எழுத்து பதியாது. அருகில் வைத்தால் உரசும். இதுதான் சோதனை!

முதலில் தகட்டைத் தட்டையாக்க வேண்டும். இரண்டு அலுமினியத் தகடுகளை ஒன்றாக ஒட்டிப் பார்த்தார்கள். ஆட்டம் குறைந்தது.

பிறகு, தகட்டின் மேல் காந்த எழுத்து பதியும்படி இரும்புத் துரு கலந்த சாயத்தைப் பூச வேண்டும். சான் பிரான்சிஸ்கோவில் உள்ள கோல்டன் கேட் பாலத்துக்குப் பூசியதைப் போன்ற சாயம் அது. சாயத்தில் ஒரு சிறு கட்டி இருந்தாலும் முனை மோதிவிடும். எனவே பெண்கள் காலில் அணியும் மெல்லிய உறையில் சாயத்தை வடிகட்டினார்கள். காகிதக் கோப்பையில் அளந்து எடுத்தார்கள். தகட்டைச் சுழலவிட்டு அதன் நடுப்பக்கத்தில் ஊற்றினார்கள். சாயம் சுழற்சியிலேயே ஓரம் வரை சமமாகப் பரவியது!

இந்த வேலையில் முன்னின்றவர் ஜேக்கப் ஹகோபியன்.

முனை மோதாமல் இருக்க என்ன வழி? காற்று! முனையில் இருந்து அழுத்தமான காற்றை ஊதவிட்டார்கள். அந்தக் காற்று மெத்தைபோல முனையைத் தாங்கியது. முனைக்கும் தகட்டுக்கும் இடையே இருந்த இடைவெளி, தலைமயிரின் கனத்தை விடக் குறைவு.

1954-ம் ஆண்டு பிப்ரவரி 10-ந் தேதி முதல் வெற்றி கிடைத்தது. அட்டையில் இருந்ததைத் தகட்டில் எழுதி, தகட்டில் இருந்து திரும்பவும் படித்து, அட்டையில் துளை போட்டுக் காட்டினார்கள்.

1956 செப்டம்பரில் உலகத்துக்கு அறிவித்தார்கள். யந்திரத்தின் பெயர் ராமாக். 24 அங்குல அகலமுள்ள 50 தகடுகள். நிமிடத்துக்கு 1,200 சுற்று. எடை ஒரு டன்னுக்கும் மேல். யந்திரத்துக்கு மாத வாடகை 3,200 டாலர். அத்தனை பெரிய யந்திரத்தில் 50 லட்சம் எழுத்துகள்தான் அடங்கின. இன்று செல்போனில் எடுக்கும் ஒரே ஒரு படத்துக்கு ஏறக்குறைய அவ்வளவு இடம் போய்விடுகிறது!

ஆனாலும் அன்று அது பெரிய அதிசயம். 1960-ல் அமெரிக்காவில் நடந்த பனிக்கால ஒலிம்பிக் பந்தயத்தில் ராமாக் கணக்குப் போட்டது. ஆயிரத்துக்கும் அதிகமான யந்திரங்கள் செய்யப்பட்டன.

இந்தத் தகட்டு யந்திரத்தின் அடிப்படை உரிமை, ஜான்சனின் குழுவில் இருந்த வில்லியம் காடார்ட், ஜான் லைனாட் என்ற இருவர் பெயரில் பதிவாயிற்று. அவர்களை எல்லாம் ஒன்று சேர்த்து, தைரியம் கொடுத்து நடத்தியவர் ஜான்சன்.

வசதியும் ஆபத்தும்

ஜான்சன் தந்த தகட்டில் ஒரு பெரிய வசதி உண்டு. பழைய எழுத்து இருக்கும் அதே இடத்தில் புதிய எழுத்தை எழுதலாம். சரக்கு 10 இருந்து 9 ஆனால், 10 இருந்த இடத்திலேயே 9 என்று எழுதிவிடலாம். புது அட்டை தேவையில்லை.

ஆபத்தும் அதிலேயே இருக்கிறது. காகித அட்டை கிழியும் வரை அதில் உள்ள துளை இருக்கும். தகட்டிலோ, புது எழுத்து வந்ததும் பழைய எழுத்து போய்விடும்.

இப்போது, தொடக்கத்தில் சொன்ன ரகசியத்துக்கு வருவோம்.

தகடுகளின் கொள்ளளவு பெருகப் பெருக, எது எங்கே இருக்கிறது என்று காட்ட ஓர் அட்டவணை தேவைப்பட்டது. பின்னால் வந்த கம்ப்யூட்டர்கள் அதைத் தகட்டிலேயே எழுதி வைத்தன. இது புத்தகத்தின் பொருளடக்கம் போன்றது.

நாம் ஒரு பைலை அழிக்கும்போது கம்ப்யூட்டர் என்ன செய்கிறது? பொதுவாக, பொருளடக்கத்தில் உள்ள பெயரை மட்டும் நீக்குகிறது. அந்தப் பக்கங்கள் இனி காலி என்று குறித்துக்கொள்கிறது. பக்கங்களைக் கிழிப்பதில்லை! படமும் கணக்கும் தகட்டில் அப்படியே இருக்கின்றன.

மீட்பவர் செய்வது என்ன? பொருளடக்கத்தை விட்டுவிட்டு, பக்கங்களையே ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்க்கிறார். போட்டோ பைல் ஒவ்வொன்றும் ஒரு குறிப்பிட்ட அடையாளத்தோடு தொடங்கும். கடிதத்துக்கு வேறு அடையாளம். அதைக் கண்டுபிடிக்கும் புரோகிராம்கள் உண்டு. அவை அடையாளத்தைப் பிடித்துப் படத்தை வெளியே கொண்டுவருகின்றன.

ஆனால் காலி என்று குறித்த இடத்தில் கம்ப்யூட்டர் வேறு எதையாவது எழுதிவிட்டால்? அவ்வளவுதான். 10 இருந்த இடத்தில் 9 வந்த கதைதான். அதை மீட்க முடியாது.

ஆகவே பைல் போய்விட்டது என்று தெரிந்தவுடன் செய்ய வேண்டியது ஒன்றே. கையை எடுங்கள்! அந்தக் கம்ப்யூட்டரில் வேறு எதையும் எழுதாதீர்கள். படம் பார்க்காதீர்கள். இன்டர்நெட்டில் உலாவாதீர்கள். மீட்கும் புரோகிராமைக் கூட அதே டிஸ்க்கில் ஏற்றாதீர்கள். முதலில் குப்பைக் கூடையைத் திறந்து பாருங்கள். பல பைல்கள் அங்கேயே கிடக்கும். அங்கே இல்லையென்றால் கம்ப்யூட்டரை நிறுத்திவிட்டு, டிஸ்க்கைக் கழற்றி வேறு கம்ப்யூட்டரில் இணைத்து மீட்பது நல்லது. மீட்டதை வேறு டிஸ்க்கில்தான் வைக்க வேண்டும்.

டிக் டிக் சத்தம்

இன்னொரு வகை ஆபத்தும் உண்டு. ஜான்சன் பயந்தாரே, முனை தகட்டில் மோதும் என்று, அதே ஆபத்துதான்!

இன்றைய ஹார்டு டிஸ்க்கில் காற்றை ஊதும் குழாய் கிடையாது. தகடு சுழலும்போது உண்டாகும் காற்றே முனையைத் தாங்குகிறது. இடைவெளி, தலைமயிரின் கனத்தில் பத்தாயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. ஒரு தூசி அதற்கு மலை!

ஓடிக்கொண்டிருக்கும் டிஸ்க் கீழே விழுந்தால் முனை தகட்டைக் கீறிவிடலாம். பூச்சு உரிந்த இடத்தில் எழுத்து ஏது? டிஸ்க்கில் இருந்து டிக் டிக் என்று சத்தம் வந்தால் உடனே நிறுத்திவிட வேண்டும். ஒவ்வொரு முறை ஓட விடும்போதும் கீறல் அதிகமாகும். மூடியைத் திறந்து பார்க்கவே கூடாது. தூசியில்லாத அறையில், பழகிய கைகள்தான் அதைத் திறக்கலாம்.

இப்போது வரும் பல லேப்டாப்களில் சுழலும் தகடே கிடையாது. சிப்பில்தான் பதிகிறது. அவற்றில் பெரும்பாலானவை, அழித்த இடத்தைத் தாங்களாகவே துடைத்துக் காலியாக்கிவிடுகின்றன. அதில் போனால் திரும்பக் கிடைப்பது அரிது.

எல்லாவற்றுக்கும் நல்ல மருந்து ஒன்றுதான். முக்கியமானதை இரண்டு இடத்தில் நகல் எடுத்து வையுங்கள். ஒரு நகல் வீட்டுக்கு வெளியே, வேறு ஊரில் உறவினர் வீட்டில் இருந்தால் இன்னும் நல்லது.

முதுமையிலும் குழந்தைகள் நினைவு

டிஸ்க்கைத் தந்த பிறகும் ஜான்சன் சும்மா இருக்கவில்லை. வீடியோ நாடா அப்போது பெரிய சுருளாக இருந்தது. பள்ளிக் குழந்தைகள் அதைக் கையாள முடியாது என்று அவர் நினைத்தார். நாடாவின் அகலத்தை அரை அங்குலமாகக் குறைத்து, ஒரு சிறு பெட்டிக்குள் அடைக்கும் முயற்சியில் இறங்கினார். பின்னாளில் வீடுகளுக்குள் வந்த வீடியோ கேசட்டுக்கு அது வழி காட்டியது.

1971-ல் கம்பெனியில் இருந்து ஓய்வு பெற்றார். ஓய்விலும் ஓயவில்லை. தொட்டால் பேசும் குழந்தைப் புத்தகங்களுக்கான கருவியைச் செய்தார். உபாத்தியாயர் கடைசி வரை உபாத்தியாயராகவே இருந்தார்!

90-க்கும் மேற்பட்ட கண்டுபிடிப்புகளுக்கு அவர் உரிமை பெற்றிருந்தார். 1986-ல் அமெரிக்க ஜனாதிபதி ரீகன் அவருக்கு தேசிய தொழில்நுட்பப் பதக்கம் வழங்கினார். 1998-ம் ஆண்டு செப்டம்பர் 15-ந் தேதி, 92-வது வயதில், கலிபோர்னியாவில் பாலோ ஆல்டோ நகரில் ஜான்சன் காலமானார்.

உயிர் பெற்ற யந்திரம்

அவர் காலமான பிறகு ஓர் ஆச்சரியம் நடந்தது.

ராமாக் யந்திரங்கள் எல்லாம் எப்போதோ பழைய இரும்பாகிப் போயின. மிஞ்சியவை சிலதான். அவற்றில் ஒன்றை 2000-க்குப் பிறகு கலிபோர்னியாவில் சாந்தா கிளாரா பல்கலைக்கழகத்தில் பழுது பார்க்கத் தொடங்கினார்கள். இளம் வயதில் தகட்டு யந்திரங்களோடு வேலை செய்து முதுமை எய்திய என்ஜினீயர்களும், கல்லூரி மாணவர்களும் சேர்ந்து உழைத்தார்கள். பிறகு மவுண்டன் வியூ நகரில் உள்ள கம்ப்யூட்டர் அருங்காட்சியகத்தில் அந்த வேலை தொடர்ந்தது.

தகடுகள் சுழன்றன. முனை நகர்ந்தது. பல பத்தாண்டுகளுக்கு முன்னால் யாரோ பதிந்து வைத்த எழுத்துகள் அதில் அப்படியே இருந்தன. அவற்றைப் படிக்க முடிந்தது! எழுதிய கம்பெனியின் கணக்கர்கள் எப்போதோ வேலையை விட்டுப் போயிருப்பார்கள். துரு கலந்த சாயத்தில் பதிந்த அவர்களுடைய எழுத்து மட்டும் போகவில்லை. அதன்மேல் வேறு யாரும் எழுதவில்லை. அதனால்தான் அது பிழைத்தது.

பென்சில் கோட்டில் விளையாடிய பையன் தெரிந்துகொண்டது, ஒரு சிறு கோட்டுக்கும் பலம் உண்டு என்பதை. பெரியவனானதும் அவன் உலகத்துக்குக் கொடுத்தது, அத்தகைய கோடிக்கணக்கான சிறு அடையாளங்களைக் காத்து வைக்கும் தகட்டை.

அந்த அடையாளம் எளிதில் போகாது. பதறி அதன்மேல் வேறு எதையும் எழுதாமல் இருந்தால், அதைத் திரும்பப் பெறும் வாய்ப்பு மிச்சம் இருக்கிறது.